சாய்வெளிச்சம்

உட்லண்ட்ஸில் எனக்கு இரவு வேலை.
வட்டச் சிலிக்கான் தகடுகளை
விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்ப்பேன்.
நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது.
சாய்த்தால்தான் கீறல் வாய்திறக்கும்.
பதினோரு வருடம். என் கண்ணுக்குத் தப்பியது
அநேகமாக ஒன்றுமில்லை என்று
மேலாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சம்யுக்தா பிறந்த ஒன்பதாம் நாள்
அவள் தொடையில் கொப்புளங்கள்.
சிதறி அல்ல, வரிசையாக,
எம்ஆர்டி மேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்
நிற்பவர்களைப் போல.
எதிர்வீட்டு ஜெயசுதா வேப்பிலையோடு வந்தார்.
"ஆத்தா வந்திருக்கா, குளிப்பாட்டாதே."
பாலிகிளினிக்கில் கிருமி என்றார்கள்.
கேகே மருத்துவமனையில்
மொச்சைக்கொட்டை அளவுக் கையில் ஊசி ஏற்றி
ஆறு நாள் மருந்து சொட்டவிட்டார்கள்.
ரெகுபதி நாற்காலியிலேயே தூங்கினார்,
சப்பாத்தைக் கழற்றாமல்.

ஏழாம் நாள் டாக்டர் சுவா வந்தார்.
குழந்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.
"உங்கள் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்க முடியுமா?"

கெண்டைக்காலின் பின்புறம்
சிறு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.
வெளுத்த கோடுகள், மூன்றோ நான்கோ,
முடி முளைக்காத ஒற்றையடிப் பாதைகள்,
முழங்கால் மடிப்பிலிருந்து வளைந்து இறங்கி.
அந்தக் காலில்தான்
முப்பத்துநான்கு வருடம் நடந்திருக்கிறேன்.

பல்லைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.
முளைக்காத ஒன்றின் இடைவெளி,
பக்கத்தில் கூம்பாய் ஒன்று.
பள்ளியில் அதற்கொரு பட்டப்பெயர் இருந்தது.
அவரிடம் சொல்லவில்லை.

பிறகு குரலை இறக்கி,
"கலைந்த கரு ஏதாவது உண்டா?"
இரண்டு.
"ஆணா?"
ஒன்று, ஆமாம். மற்றதை
எனக்குச் சொல்லவேண்டாம் என்றிருந்தேன்.

எக்ஸ் ஒன்றில் பிழை.
பெண்ணுக்கு இன்னொன்று இருக்கிறது, தாங்கிக்கொள்ளும்.
பையன்களுக்கு ஒன்றுதான்.
அவர் காகிதத்தில் வரைந்துகொண்டே போனார்.
நான் அன்னாசியை நினைத்துக்கொண்டிருந்தேன்.
கேலாங் செராய்ச் சந்தையில்
இரண்டு துண்டு தின்றதற்காக
எத்தனை வருடம் என் வாயை நானே வெறுத்தேன்.
இரவு வேலையை, ரசாயன வாடையை,
பேருந்துக்கு ஓடிய அந்த ஒரு நாளை.
எல்லாவற்றையும் இனி விடுதலை செய்யலாம்.
செய்தேன்.
காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தது
நான்.

இப்போது அவளுக்கு எட்டு மாதம்.
கொப்புளம் போய், மருப்போல் தடித்ததும் போய்,
விலாவிலும் வயிற்றிலும் பழுப்புச் சுழிகள்,
கோப்பியில் கெட்டிப்பால் கலங்கும் முதல் நொடி போல.
கருவில் அணுக்கள் நடந்துபோன தடமாம் அது.
எல்லார் உடம்பிலும் உண்டு,
சிலருக்குத்தான் வெளியே தெரியும் என்கிறார் டாக்டர்.
வளர வளர மங்கும்.
கண்ணைத்தான் விடாமல் சோதிக்க வேண்டும்.
இமைகளை விரித்துப் பிடிப்பவள் நான்.
விளக்கை விட்டுவிட்டு
அவள் என்னைத்தான் முறைக்கிறாள்.

ஈசூன் நீச்சல் குளத்தில் ஒருத்தி கேட்டாள்:
"தீக்காயமா?"
இல்லை, அம்மா ஜாடை என்றேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மாசாயில்,
தங்கை பூங்கோதைக்கு ஐந்து மாதம்.
நேற்று ஸ்கேன். பையனாம்.
நீலத் தொப்பி வாங்கிவிட்டாளாம்.
உன் கெண்டைக்காலைப் படமெடுத்து அனுப்பு என்று
மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்து
நான்காவதை அனுப்பினேன்.
"என்னக்கா, கொலுசு வாங்கித் தரப்போறியா?"
பின்னாலேயே படம் வந்தது.

ஒரு கொசுக்கடி. சோபாவின் ஓரம்.
ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறாள்,
வெளிச்சம் நேராக விழுந்திருக்கிறது.

கம்பெனி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்.
விளக்கைச் சாய்த்து இன்னொன்று எடு
என்று எழுதவேண்டும்.
கொலுசுக்கு அளவு கேட்டு
எழுதிக்கொண்டிருக்கிறேன்.